1971 ஷெவெல், கையில் 3,500 டாலர்: எஞ்சினைப் பிரிக்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். மிச்சிகனில், டெட்ராய்ட் பக்கத்தில் இருக்கிறேன். போன வருடம் ஒரு 1971 செவ்ரோலெட் ஷெவெல் வாங்கினேன். 350 கன அங்குல வி8 எஞ்சின், இரண்டு பேரல் கார்புரேட்டர். காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை தள்ளுகிறது. ஹைவேயில் அழுத்தினாலும் புகை வருகிறது. எஞ்சின் சூடான பிறகு சிக்னலில் நின்றால் ஆயில் லைட் மினுங்குகிறது. ஒரு கடையில் முழு எஞ்சின் வேலைக்கு 7,500 டாலர் கேட்டார்கள். என்னிடம் 3,500தான் இருக்கிறது. பிரேக், வாட்டர் பம்ப் எல்லாம் நானே மாற்றியிருக்கிறேன். ஆனால் எஞ்சினைப் பிரித்ததில்லை. ஆன்லைனில் முழு ரீபில்ட் கிட் மலிவாகக் கிடைக்கிறது, ஆர்டர் போட்டுவிடலாமா? செய்வதுதான் செய்கிறோம், அப்படியே எஞ்சினைப் பெரிதாக்கி 383 கன அங்குலம் ஆக்கிவிடலாமா என்றும் ஒரு ஆசை. ஆகஸ்டில் நடக்கும் பழைய கார் ஊர்வலமான வுட்வர்ட் ட்ரீம் குரூஸுக்கு ஓட்டிக்கொண்டு போக முடியுமா?

பதில்: வணக்கம். முதலில் அந்தக் கிட்டை ஆர்டர் செய்யாதீர்கள். மற்றதையெல்லாம் அதன் பிறகு பேசலாம்.

ஏன் என்று சொல்கிறேன். அந்தக் கிட்டில் பிஸ்டன், ரிங், மெயின் பேரிங், ராட் பேரிங், கேஸ்கெட் எல்லாம் இருக்கும். ஆனால் பிஸ்டன் எந்த ஓவர்சைஸ் (ஸ்டாண்டர்டைவிட எவ்வளவு பெரியது), பேரிங் எந்த அண்டர்சைஸ் (எவ்வளவு குறைத்த கிராங்குக்கு ஏற்றது) என்று ஆர்டர் போடும்போதே நீங்கள் சொல்ல வேண்டும். உங்கள் பிளாக் ஏற்கெனவே ஒருமுறை போரிங் போட்டதா (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கியதா), கிராங்க் ஏற்கெனவே கிரைண்டிங் போனதா (அரைத்து மெலிதாக்கியதா) என்று இப்போது உங்களுக்குத் தெரியாது. ஐம்பது வருடத்துக்கு மேல் ஓடிய எஞ்சின், எத்தனை கை மாறியதோ. எங்கள் மெஷின் ஷாப்புக்கு வருகிறவர்களில் பலர் ஸ்டாண்டர்ட் சைஸ் பேரிங் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். கிராங்கை அளந்து பார்த்தால் அது 0.010 அங்குலம் குறைத்து கிரைண்ட் செய்ததாக இருக்கும். பிரித்த பெட்டியைக் கடைக்காரர் திரும்ப வாங்க மாட்டார்.

பட்ஜெட் குறைவு என்றால் மலிவான பாகம் வாங்குவது என்று பலரும் நினைக்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. அளப்பதற்கும் மெஷின் வேலைக்கும் பணத்தைத் தாராளமாகக் கொடுங்கள். அளந்து பார்த்தபின் தேவையில்லை என்று தெரிந்ததை விட்டுவிடுங்கள். மிச்சம் பிடிக்க வேறு நல்ல வழி இல்லை.

இப்போது உங்கள் கார் சொல்லும் அறிகுறிகளுக்கு வருவோம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் வரும் நீலப் புகைக்குப் பெரும்பாலும் வால்வு சீல்தான் காரணம். அந்தக் காலத்து 350-இல் வால்வு தண்டில் இருப்பது சின்ன ரப்பர் வளையம். அது காய்ந்து கல்லாகிவிட்டால், ராத்திரி முழுக்க ஆயில் வால்வு கைடு வழியாகக் கீழே சொட்டி நிற்கும். காலையில் அது எரிந்து வெளியே வரும். இது மட்டும் என்றால் ஹெட்டைக் கழற்றாமலே சரிசெய்யலாம். சிலிண்டருக்குள் காற்றழுத்தம் கொடுத்து வால்வு விழாமல் பிடித்துக்கொண்டு சீலை மாற்றுவார்கள், செலவு சொற்பம். ஆனால் அழுத்தும்போதும் புகை வருகிறது என்றால் ரிங்கும் தேய்ந்திருக்க வாய்ப்பு இருக்கிறது. அதை ஊகத்தில் விடாதீர்கள்.

எஞ்சினை இறக்குவதற்கு முன் மூன்று சோதனை செய்யுங்கள். ஒன்று கம்ப்ரஷன் டெஸ்ட். எஞ்சின் சூடாக இருக்கும்போது எட்டு பிளக்கையும் கழற்றி, த்ராட்டிலை முழுதாகத் திறந்து வைத்து எடுங்கள். மிகக் குறைந்த சிலிண்டர், மிக அதிகமான சிலிண்டரின் 75 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் கோளாறு. குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் ஊற்றி மறுபடி எடுங்கள். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். அடுத்தது லீக் டவுன் டெஸ்ட், அதாவது சிலிண்டருக்குள் காற்றை ஏற்றி எங்கே கசிகிறது என்று பார்ப்பது. காற்று கார்புரேட்டர் வழியாகச் சீறுகிறதா, சைலன்ஸர் வழியாகவா, ஆயில் ஊற்றும் வாய் வழியாகவா என்று காதை வைத்துக் கேளுங்கள். அது எங்கே தேய்மானம் என்று நேராகச் சொல்லிவிடும். மூன்றாவது ஆயில் பிரஷர். டாஷ்போர்டு விளக்கை நம்பாதீர்கள், அழுத்தத்தை உணர்ந்து அந்த விளக்குக்குச் சொல்லும் சென்சார் பழசாகிப் பொய் சொல்லும். மெக்கானிக்கல் கேஜ் ஒன்றை மாட்டிப் பாருங்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஒவ்வொரு 1,000 ஆர்.பி.எம்முக்கும் 10 பி.எஸ்.ஐ. இருந்தால் தெருவில் ஓடும் எஞ்சினுக்குப் போதும். ஐடிலில் அதைவிட ரொம்பக் கீழே போகிறது என்றால் பேரிங் தேய்மானம் பக்கம்தான் பார்க்க வேண்டும்.

கேஜ்கள் எல்லாம் வாங்க வேண்டாம். ஆட்டோசோன் போன்ற கடைகளில் டெபாசிட் கட்டி டூல்ஸ் எடுத்துக்கொண்டு, திருப்பிக் கொடுத்ததும் முழுப் பணத்தையும் வாங்கிக்கொள்ளலாம். கம்ப்ரஷன் கேஜ், ஹார்மோனிக் பேலன்ஸர் புல்லர், ரிங் கம்ப்ரஸர் எல்லாம் இப்படிக் கிடைக்கும். எஞ்சின் தூக்கும் ஹாயிஸ்ட்டை ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். நல்ல டார்க் ரெஞ்ச் ஒன்று மட்டும் சொந்தமாக இருக்கட்டும். எஞ்சின் ஸ்டாண்டை யாராவது விற்பார்கள், பழசே போதும்.

சோதனை முடிந்து, எஞ்சினை இறக்கித்தான் ஆக வேண்டும் என்று முடிவானால், கழற்றும்போதே பிளாக்கின் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். டிரைவர் பக்கம், பின்னால் கியர்பாக்ஸ் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் காஸ்டிங் எண் இருக்கும். 3970010 என்று இருந்தால் அந்தக் காலத்தில் மிக அதிகமாக வந்த 350 பிளாக். முன்பக்கம், பயணி பக்க ஹெட்டுக்கு முன்னால் ஒரு சின்ன மட்டமான பட்டை இருக்கும். அதில் எஞ்சின் கோடும், காரின் அடையாள எண்ணான வி.ஐ.என்.-இன் கடைசிப் பகுதியும் பொறித்திருக்கும். அது உங்கள் காரின் எண்ணோடு ஒத்துப்போனால், காரோடு பிறந்த எஞ்சின் உங்களிடம் இருக்கிறது என்று பொருள். விற்கும்போது அதற்கு மதிப்பு உண்டு. பிளாக்கின் மேல்மட்டத்தை மெஷினில் சீவினால் அந்தப் பொறிப்பும் சேர்ந்து போய்விடும். அதனால் மெஷின் ஷாப்பில் கொடுக்கும்போதே அந்தப் பட்டையைத் தொடக்கூடாது என்று எழுதிக் கொடுங்கள், படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது மறந்துபோகும்.

பிரிக்கும்போது எல்லாவற்றுக்கும் அடையாளம் போடுங்கள். மெயின் கேப்புகளை அந்தந்த இடத்தில் மாட்டி வைத்துத்தான் ஓட்டை போட்டிருக்கிறார்கள். இடம் மாறினாலோ திரும்பினாலோ கிராங்க் சுற்றாது. கனெக்டிங் ராடும் அதன் கேப்பும் ஒரு ஜோடி, பிரிக்கவே கூடாது. லிஃப்டர்களை (கேமின் அசைவை வால்வுக்குக் கடத்தும் சின்ன உருளைகள்) எடுக்கும்போது முட்டைப் பெட்டி போல எதிலாவது வரிசையாகப் போட்டு எண் எழுதுங்கள். இது ஏன் முக்கியம் என்று பின்னால் சொல்கிறேன்.

இன்னொன்று, டைமிங் செயின். இந்த எஞ்சின்களில் கம்பெனியிலிருந்தே வந்த கேம் கியர் அலுமினியத்தில் இருக்கும், பல்லுக்கு நைலான் பூச்சு. சத்தம் வராமலிருக்க அப்படிச் செய்தார்கள். வயதாக ஆக அந்த நைலான் உடைந்து ஆயில் பேனில் விழும், அங்கிருந்து ஆயில் பம்ப் உறிஞ்சும் வலையில் போய் அடைத்துக்கொள்ளும். உங்கள் ஆயில் லைட் மினுங்குவதற்கு அதுவேகூடக் காரணமாக இருக்கலாம். பேனைக் கழற்றியதும் முதலில் அந்த வலையைப் பாருங்கள். புது இரட்டை ரோலர் செயின் செட் மலிவுதான், அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

அடுத்தது மெஷின் ஷாப். உங்கள் பணத்தில் கிட்டத்தட்ட பாதி இங்கேதான் போக வேண்டும் என்பது என் கணக்கு. பிளாக்கை ஹாட் டேங்கில் போட்டுக் கழுவுவது, காந்தப் பொடி போட்டு விரிசல் பார்ப்பது, அளப்பது, இந்த மூன்றையும் முதலில் செய்யச் சொல்லுங்கள். விரிசல் தெரிந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். மீதி வேலைக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. அதற்குப் பிறகுதான் விலைப்பட்டியலை, ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக, எழுத்தில் வாங்குங்கள்.

அளவுகள் எப்படி முடிவைச் சொல்லும் என்று பாருங்கள். 350-இன் சிலிண்டர் புதிதாக இருக்கும்போது 4.000 அங்குலம். தேய்மானம் மேலே, ரிங் ஏறி நிற்கும் இடத்துக்குக் கீழேதான் அதிகம் இருக்கும். அடியில் கிட்டத்தட்டத் தேயாது. இந்த மேல்-கீழ் வித்தியாசம் 0.005 அங்குலத்தைத் தாண்டிவிட்டால் வெறும் ஹோனிங்கும் (சிலிண்டர் சுவரை லேசாக உரசிச் சீராக்குவது) புது ரிங்கும் போட்டுச் சமாளிக்க முடியாது, போரிங்தான். அதற்கு நன்றாகக் கீழே, உருண்டையும் கெடாமல் இருந்தால், பழைய பிஸ்டனையே சுத்தம் செய்து, பள்ளங்களை அளந்து, புது ரிங்கோடு போடலாம். இந்த ஒரு அளவுதான் உங்கள் செலவில் பல நூறு டாலர் வித்தியாசத்தை உண்டாக்கும். போரிங் என்று ஆனால் 0.030 ஓவர் வழக்கமானது, பிஸ்டன் மலிவாகவும் கிடைக்கும். 0.060 வரை போகலாம் என்று சிலர் சொல்வார்கள். சுவரின் கனத்தைச் சோனிக் மீட்டரில் பார்க்காமல் அதற்குச் சம்மதிக்காதீர்கள். சுவர் மெலிந்தால் எஞ்சின் சூடேறும்.

போரிங் என்றால் வரிசை முக்கியம்: அளவு முடிவான பிறகு பிஸ்டன் வாங்குங்கள், அதை மெஷின் ஷாப்பில் கொடுங்கள், அவர்கள் ஒவ்வொரு பிஸ்டனையும் அளந்து அதற்கு ஏற்ப ஹோனிங்கை முடிப்பார்கள். பிஸ்டன் பெட்டியில் அச்சடித்த அளவை நம்பிக் கடைசி ஹோனிங் செய்யும் கடை வேண்டாம்.

மலிவு பிஸ்டன்களில் ஒரு விஷயம் கவனியுங்கள். பழைய பிளாக்குகளை மட்டம் சீவுவார்கள் என்று எண்ணி, பிஸ்டனையும் ராடையும் இணைக்கும் பின்னின் (pin) நடுவிலிருந்து பிஸ்டன் தலை வரையான உயரத்தை 0.020 அங்குலம் குறைத்துச் செய்த பிஸ்டன்கள் சந்தையில் உண்டு. வழக்கமான 1.560-க்குப் பதில் 1.540 என்று இருக்கும். உங்கள் பட்டையைக் காப்பாற்ற நீங்கள் பிளாக்கைச் சீவப்போவதில்லை. அப்போது இந்தப் பிஸ்டன் மேலே வராமல் கீழேயே நின்று, ஏற்கெனவே 8.5-க்கு ஒன்றாக இருக்கும் கம்ப்ரஷனை இன்னும் இறக்கிவிடும். 1971-இல் ஈயம் குறைந்த பெட்ரோலிலும் ஓட வேண்டும் என்று ஜி.எம். தன் எஞ்சின்களின் கம்ப்ரஷனைக் குறைத்தது. அதைவிடக் கீழே போனால் கார் இழுக்காது. விலை கொஞ்சம் கூடினாலும் 1.560 வாங்குங்கள்.

கிராங்க் பளபளப்பாக, கீறல் இல்லாமல், அளவு சரியாக இருந்தால் பாலிஷ் மட்டும் போதும். கிராங்கில் பேரிங் உட்காரும் பகுதிக்கு ஜர்னல் என்று பெயர்; ராட் ஜர்னல் 2.100, மெயின் ஜர்னல் சுமார் 2.450 அங்குலம் இருக்க வேண்டும். நகத்தில் தட்டுப்படும் கீறல் இருந்தால் 0.010 கிரைண்டிங், அதற்கேற்ற பேரிங். மெயினுக்கும் ராடுக்கும் 0.002-இலிருந்து 0.0025 அங்குலம் வரை ஆயில் இடைவெளி இருந்தால் நல்லது. அதை பிளாஸ்டிகேஜ் (இடைவெளியில் நசுங்கி அளவைக் காட்டும் மெல்லிய பிளாஸ்டிக் இழை) வைத்து நீங்களே ஒவ்வொரு பேரிங்கிலும் சரிபார்க்கலாம். பழைய பேரிங்குகளைத் தூக்கி எறியாதீர்கள். பின்பக்கத்தில் அண்டர்சைஸ் எண் இருக்கும், முன்பக்கத் தேய்மானம் கிராங்க் வளைந்திருக்கிறதா, ராட் கோணலா என்று காட்டிக் கொடுக்கும்.

கேம் பேரிங்கை அவர்களே மாற்றட்டும், வெல்ச் பிளக்கும் (பிளாக்கின் பக்கத் துளைகளை அடைக்கும் மூடி) அவர்களே போடட்டும், பித்தளையில். ஹெட்டுகளுக்கு வால்வு கைடும் சீட்டும் பார்த்து வேலை செய்யச் சொல்லுங்கள். உங்கள் புகைக்குப் பாதி மருந்து அங்கேதான்.

383 ஆசையைப் பற்றிச் சொல்கிறேன். 400 எஞ்சினின் 3.75 அங்குல ஸ்ட்ரோக் கிராங்கை, 0.030 ஓவர் போரிங் போட்ட 350 பிளாக்கில் வைத்தால் 383 வரும். நல்ல எஞ்சின்தான், அதன் இழுவையை நான் மறுக்கவில்லை. ஆனால் புது கிராங்க், பெரும்பாலும் புது ராடு, பிஸ்டன், ராட் இடிக்காமலிருக்க பிளாக்கின் அடியில் அரைப்பது, எல்லாம் சேர்த்து பேலன்ஸிங், பிறகு அந்த எஞ்சினுக்கு மூச்சு விட ஹெட்டும் கார்புரேட்டரும். 3,500-இல் இதைத் தொடங்கினால் பாதியில் நிற்கும். பாதியில் நின்ற எஞ்சின்கள்தான் கேரேஜ் மூலைகளில் துருப்பிடித்து, கடைசியில் பழைய இரும்பு விலைக்குப் போகின்றன. உங்கள் காருக்கு அது நேர்வதை நான் விரும்பவில்லை.

பவர் கொஞ்சம் கூட வேண்டும் என்றால் மலிவான வழி ஒன்று இருக்கிறது. 1996 முதல் 2000 வரை வந்த செவ்ரோலெட், ஜி.எம்.சி. டிரக்குகளின் 350-இல் வோர்டெக் ஹெட் வந்தது. காஸ்டிங் எண் 906 அல்லது 062 என்று முடியும். ஹெட்டில் பெட்ரோல் எரியும் குழியான சேம்பர் இதில் 64 சி.சி.தான், உங்கள் ஹெட்டில் சுமார் 76 சி.சி. கம்ப்ரஷன் ஏறும், காற்றோட்டமும் பழைய ஹெட்டைவிட எவ்வளவோ மேல். ஜங்க் யார்டில் கிடைக்கும். ஆனால் போல்ட் அமைப்பு வேறு என்பதால் இன்டேக் மேனிஃபோல்டு, ராக்கர், வால்வு கவர் எல்லாம் மாற வேண்டும், அதையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள். சீட்டுகளுக்கு நடுவே விரிசல் வரும் என்பதால் வாங்கியதும் சோதித்துவிடுங்கள்.

உங்கள் பிளாக்கில் விரிசல் தெரிந்தால், அதே டிரக்கின் ஓடுகிற எஞ்சினை முழுதாக வாங்கிப் போடுவதுதான் அந்தப் பணத்துக்குக் கிடைக்கும் நல்ல தீர்வு. ரோலர் கேம் அதில் ஏற்கெனவே இருக்கும். ஆட்டோமேட்டிக் கியர் என்றால் அதை எஞ்சினோடு இணைக்கும் ஃபிளெக்ஸ்பிளேட் வேறு வாங்க வேண்டும், பெட்ரோல் பம்ப்பை போல்ட் போட்டு மாட்ட இடம் இல்லாவிட்டால் எலெக்ட்ரிக் பம்ப் போட வேண்டிவரும். எண் ஒத்துப்போகும் பழைய பிளாக்கை எண்ணெய் தடவி, மூடி, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

லிஃப்டர் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் எஞ்சினில் இருப்பது ஃபிளாட் டாப்பெட் கேம். லிஃப்டரின் அடிப்பகுதி கேமின் முனையில் நேராக உரசுகிறது. இரண்டும் சேர்ந்தே தேய்ந்து, ஒன்றுக்கொன்று பழகியவை. கேம் முனைகளும் லிஃப்டர் அடியும் நல்ல நிலையில் இருந்தால், அதே வரிசையில் திரும்பப் போடலாம், ஒரு பெரிய செலவு மிச்சம். வரிசை கலைந்துவிட்டால் கேம், பதினாறு லிஃப்டர், எல்லாம் புதிதாகத்தான் வாங்க வேண்டும். பழைய கேமில் புது லிஃப்டர் போட்டால் சிலர் தப்பிப்பார்கள். புது கேமில் பழைய லிஃப்டர் மட்டும் எக்காரணம் கொண்டும் கூடாது. புது கேம் வாங்கினால், இரண்டு பேரலுக்கும் உங்கள் கியர்பாக்ஸுக்கும் ஒத்துப்போகும் மிதமான கேமாகப் பாருங்கள். ஐடிலில் குலுங்கிச் சத்தம் போடும் பெரிய கேம் 8.5 கம்ப்ரஷனில் அடி இழுவையைக் கொன்றுவிடும்.

பிளாக் மெஷின் ஷாப்பிலிருந்து வந்ததும் பூட்டத் தொடங்கிவிடாதீர்கள், கழுவுங்கள். அவர்கள் கழுவித்தான் கொடுத்திருப்பார்கள், பரவாயில்லை, மறுபடி கழுவுங்கள். சுடுநீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போதும். ஆயில் கேலரி பிளக்குகளைக் கழற்றி நீளமான பிரஷ் விட்டுத் தேயுங்கள். சிலிண்டர் சுவரில் வெள்ளைத் துணியை ஆயிலில் நனைத்துத் துடையுங்கள், துணி சாம்பல் நிறமானால் ஹோனிங் தூள் இன்னும் இருக்கிறது. துணி வெள்ளையாகவே வரும் வரை கழுவி, உடனே காயவைத்து ஆயில் தடவுங்கள். நிமிடங்களில் துரு பூக்கும். புதிதாகப் பூட்டிய பேரிங்குகள் சீக்கிரம் போவதற்கு நான் பார்த்தவரை இந்தத் தூள்தான் முதல் காரணம். இந்த வேலைக்கு உடம்பு உழைப்பு தவிர வேறு செலவில்லை.

பூட்டும்போது ரிங் இடைவெளியை ஒவ்வொரு சிலிண்டரிலும் அளந்து பாருங்கள். சாதாரண வார்ப்புப் பிஸ்டனில் மேல் ரிங்குக்குச் சுமார் 0.016 அங்குலம், ஹைப்பர்யூடெக்டிக் பிஸ்டன் (சிலிக்கான் கூடுதலாகக் கலந்த அலுமினியப் பிஸ்டன்) என்றால் அதன் தாளில் சொன்னபடி. ராட் போல்ட் 45 அடி-பவுண்டு, ஹெட் போல்ட் மூன்று தவணையாக 65. இந்த எஞ்சினில் ஹெட் போல்ட்டுகள் தண்ணீர் ஜாக்கெட்டுக்குள் போகின்றன, அதனால் ஒவ்வொரு மரையிலும் சீலன்ட் தடவ மறக்காதீர்கள். ஆயில் பம்ப் ஸ்டாண்டர்ட் போதும், ஹை வால்யூம் வேண்டாம். கார்புரேட்டரை நீங்களே கிட் போட்டுச் சுத்தம் செய்துகொள்ளலாம்.

ட்ரீம் குரூஸ் ஆகஸ்டில். பனிக்காலத்துக்கு முன்பே பிளாக்கைக் கொடுத்துவிட்டால் முடியும். வசந்தத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் கொண்டுவருவதால் கடைகளில் வரிசை நீண்டுவிடும். ஆனாலும் ஒரு தேதிக்காக எதையும் அளக்காமல் பூட்டாதீர்கள், வுட்வர்ட் 1995-இலிருந்து நடக்கிறது, அடுத்த வருடமும் நடக்கும். கையில் இருக்கும் 3,500-இல் 600 டாலரைத் தொடாமல் வைத்திருங்கள். ரேடியேட்டர் ஹோஸ், எஞ்சின் மவுன்ட், ஆயில், கூலன்ட் என்று கடைசி வாரத்தில் அது தானாகக் கரையும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன், டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி, பிரைமிங் ராடை டிரில்லில் மாட்டி ஆயில் பம்பைச் சுற்றுங்கள், வலஞ்சுழியாக. பதினாறு ராக்கரிலும் ஆயில் வரும் வரை விடாதீர்கள், நடுவில் கிராங்கைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிவிடுங்கள். கேம் புதிது என்றால், பற்றிய உடனே 2,000-இலிருந்து 2,500 ஆர்.பி.எம்முக்கு ஏற்றி, இருபது நிமிடத்துக்குக் குறையாமல் ஓடவிடுங்கள், ஐடிலுக்கு இறக்காதீர்கள். அதனால் டைமிங், பெட்ரோல், தண்ணீர் எல்லாம் முன்கூட்டியே சரியாக இருக்க வேண்டும். பல தடவை க்ராங்க் செய்து பற்றவைக்கும் நிலை வரக்கூடாது. இன்றைய கார்களுக்கான ஆயிலில், கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் காப்பாற்றுவதற்காகத் துத்தநாகமும் பாஸ்பரஸும் குறைத்துவிட்டார்கள். ஃபிளாட் டாப்பெட்டுக்கு அது போதாது. பிரேக்-இன் ஆயில் என்றே கேட்டு வாங்குங்கள். பிறகும் பழைய எஞ்சின்களுக்கென்று வரும் துத்தநாகம் கூடிய ஆயிலையே தொடருங்கள்.

அந்த முதல் ஓட்டம் முடிந்ததும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். கழற்றிய ஃபில்டரை வெட்டி, காகிதத்தை விரித்துப் பாருங்கள். மெல்லிய சாம்பல் பூச்சு இருந்தால் சகஜம். காந்தத்தில் ஒட்டும் ஊசித் துகள்கள் இருந்தால் கேமோ லிஃப்டரோ தேய்கிறது, மேற்கொண்டு ஓட்டாதீர்கள். காந்தத்தில் ஒட்டாத, செம்பு நிறத்தில் மினுங்கும் துகள் என்றால் பேரிங், பேனை இறக்குங்கள். எதுவும் இல்லையென்றால் 500 மைல் ஓட்டிவிட்டு இன்னொரு முறை ஆயில் மாற்றிவிட்டு, வால்வு சரியாக அட்ஜஸ்ட் ஆகியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். கம்ப்ரஷன் டெஸ்ட் எண்கள் எட்டையும், பிளாக்கின் அளவுத் தாளையும் எனக்கு அனுப்பினால், போரிங் வேண்டுமா வேண்டாமா என்று அந்த எண்களை வைத்தே சொல்லிவிடுகிறேன்.